குதிரையேறிக் காட்டிய கிழவர்கள்

வயதானவர்களைப் பற்றித் தமிழில் புழங்கும் சொலவடைகளில் முக்கால்வாசி, அடங்கி உட்காரச் சொல்பவை. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று சொன்ன பிறகு ஒருவர் எழுந்து என்ன செய்துவிட முடியும்? இந்த விஷயத்தில் சீனர்களின் கையிருப்பு வேறு மாதிரி. 'செங்யூ' என்று அவர்கள் அழைக்கும், பெரும்பாலும் நான்கே எழுத்தில் முடிந்துவிடும் மரபுத் தொடர்களில், கிழப் பருவத்தின் வேகத்தையும் வேட்கையையும் கொண்டாடுபவை கணிசமாக உண்டு. 'லாவ் தாங் யீ ஜுவாங்' என்றால் வயது ஏற ஏற உரமும் ஏற வேண்டும் என்று பொருள். 'லாவ் ஜீ ஃபூ லீ' என்பது லாயத்தில் படுத்துக் கிடக்கும் கிழட்டு உயர்சாதிக் குதிரை; படுத்திருந்தாலும் அதன் நினைப்பெல்லாம் ஆயிரம் லீ தூரத்து ஓட்டத்தில்தான். 'பாவ் தாவ் வெய் லாவ்' என்றால் அருமையான வாளுக்கு இன்னும் வயதாகவில்லை. கேட்கவே தெம்பாக இருக்கிறது. ஆனால் இவற்றில் பல, ஒரு கதையிலிருந்தோ கவிதையிலிருந்தோ நறுக்கி எடுக்கப்பட்டவை. நறுக்கிய இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தால், எல்லாத் தொடர்களும் ஒரே புத்திமதியைச் சொல்லவில்லை என்பது புலப்படும். ஒரு வகை, கிழவரைத் தான் கிழவரில்லை என்று நிரூபிக்கச் சொல்கிறது. இன்னொரு வகை, கிழவர்தான், சரி, மேற்கொண்டு ஆக வேண்டிய காரியம் என்ன என்று கேட்கிறது. கைதட்டல் முதல் வகைக்கே அதிகம். வாழ்வதற்கு உதவுவது இரண்டாவது வகை என்பது என் கட்சி.

முதல் தொடரின் சொந்தக்காரர் மா யுவான், ஹான் பேரரசின் தளபதி, கி.மு. 14இல் பிறந்தவர். வயது ஏற ஏற உரம் ஏற வேண்டும் என்பதை அவர் முதுமைக்கு வெகு முன்பே சொல்லிவிட்டார் என்பதுதான் இதில் வேடிக்கை. காவலில் இருந்த கைதி ஒருவனைத் தப்பவிட்டுத் தானும் வடமேற்கு எல்லைக்கு ஓடிப்போய், ஆடு மாடு குதிரை மேய்த்துப் பிழைத்த காலத்தில், தன்னை அண்டி வந்தவர்களிடம் அடிக்கடி சொன்ன வாசகம் அது. முதுமை எப்படியிருக்கும் என்று அறியாத ஒருவர் தன் முதுமைக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். மந்தை பல்லாயிரமாகப் பெருகியபோது அத்தனையையும் உற்றார் உறவினருக்குப் பங்கிட்டுவிட்டு ஆட்டுத்தோல் உடையோடு நின்ற மனிதர் என்பதால், வாய்ச்சவடால் என்று ஒதுக்கவும் முடியாது. கி.பி. 48இல் பத்திரத்துக்குக் கெடு வந்தது. தெற்கே வூலிங் மலைப் பகுதியில் கலகம். அடக்கப் போன படை அழிந்துபோயிற்று. அறுபத்திரண்டு வயது மா யுவான் தன்னை அனுப்பும்படி கேட்டார். பேரரசர் குவாங்வூ அவர் வயதை எண்ணித் தயங்கினார். கவசம் பூண்டு குதிரையேற இன்னும் என்னால் முடியும் என்றார் மா யுவான். எங்கே, ஏறிக் காட்டு என்றார் பேரரசர். கிழவர் ஏறி உட்கார்ந்து, சேணத்தைப் பற்றியபடி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். பேரரசர் சிரித்து, அவருடைய துடிப்பை மெச்சி, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையைக் கொடுத்து அனுப்பினார். வாழ்த்துரைகளில் கதை இந்த இடத்தில் நின்றுவிடும்.

நிற்காமல் போனால் கதை இப்படி: கலகப் பகுதிக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சமதளம், ஆனால் சுற்று. மற்றது கிட்டம், ஆனால் ஆறு பொல்லாதது. சுற்றிப் போனால் நாளும் தானியமும் விரயம் என்று மா யுவான் ஆற்று வழியைத் தேர்ந்தார். உடன் வந்த கெங் ஷூ மறுத்துப் பார்த்தார். பேரரசரோ மா யுவான் பக்கமே சாய்ந்தார். ஹூதோ என்ற இடத்தில் எதிரிகள் உயரத்தில் நின்று வழியை அடைத்துக்கொண்டார்கள். நீரின் வேகத்தை எதிர்த்துப் படகுகளால் மேலேற முடியவில்லை. கடும் வெயில், கூடவே கொள்ளைநோய். சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆற்றங்கரையைக் குடைந்து அந்தப் பொந்துகளில் வெக்கைக்கு ஒதுங்கினார்கள். நோயில் விழுந்த மா யுவான், மேலே எதிரியின் முரசு ஒலிக்கும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். அங்கேயே இறந்தும் போனார். செத்த பின்னும் விடவில்லை. முன்பு வியட்நாமின் வடபகுதியில் ட்ரூங் சகோதரிகளின் எழுச்சியை நசுக்கிவிட்டுத் திரும்பியபோது (வியட்நாமியரிடம் கேட்டால் இவரைப் பற்றி வேறு கதை சொல்வார்கள்) மருந்துக்காக வண்டியில் ஏற்றிவந்த ஒருவகைத் தானிய மணிகளை, முத்துக் குவியல் என்று கோள் மூட்டினார்கள். பட்டம் பறிபோனது. குலத்து மயானத்தில் அடக்கம் செய்யவே குடும்பத்தார் அஞ்சினார்கள்.

குதிரையேறிக் காட்டும் சோதனை எதைச் சோதித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. கிழவரின் காலை. வழியைத் தேர்ந்தெடுக்கப்போகும் தலையை அது தொடவே இல்லை. அவரைக் கொன்ற வெயிலும் நோயும் வயது பார்த்துக் கொல்லவில்லை. ஒரு முதியவர் காரியத்துக்கு ஆவாரா என்று முடிவுசெய்ய அவருடைய இளமையின் மிச்சத்தைத் தேடினால், தேவையான இடத்தை விட்டுத் தேவையில்லாத இடத்தையே தேடுவோம்.

அந்தச் சோதனையின் இன்னொரு கேடு, தீர்ப்பு வேறு ஒருவர் கைக்குப் போய்விடுவது. ஜாவ் நாட்டின் பழைய தளபதி லியான் போ அயல்நாட்டில் அடைக்கலமாக இருந்தார். சின் நாட்டுப் படைகள் நெருக்கியபோது ஜாவ் அரசனுக்கு அவர் நினைவு வந்து, ஆள் தேறுவாரா என்று பார்த்துவரத் தூதனை அனுப்பினான். லியான் போ தூதன் எதிரில் ஒரே வேளையில் ஒரு தௌ அரிசிச் சோற்றையும் பத்து ஜின் இறைச்சியையும் தின்றார். அன்றைய அளவைக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் அரிசி, இரண்டரைக் கிலோ கறி. கவசம் மாட்டிக் குதிரையும் ஏறினார். ஆனால் தூதன் ஏற்கெனவே விலைபோயிருந்தான். லியான் போவின் பகைவன் குவோ காய் பொன் கொடுத்திருந்தான். தளபதி நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனால் சற்று நேரத்துக்குள் மூன்று முறை கொல்லைக்குப் போய்வந்தார் என்று அரசனிடம் சொன்னான். அவ்வளவுதான், அழைப்பு வரவே இல்லை. சூ நாட்டில், ஷௌசுன் ஊரில் லியான் போ இறந்தார். கி.மு. 228இல் ஜாவ் தலைநகரம் வீழ்ந்தது. சீமா சியானின் வரலாற்று நூலில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது தூதன் மேல் கோபம் வருவது இயல்பு. எனக்கு அந்தச் சாப்பாட்டின் மேலும் வருத்தம் உண்டு. படை நடத்தத் தெரிந்த ஒருவர் வயிற்றைக் காட்டித் தன்னை விற்க வேண்டிவந்ததே! ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1205இல், அறுபதைத் தாண்டிய கவிஞர் ஷின் சீஜி, லியான் போவால் இன்னும் சாப்பிட முடியுமா என்று கேட்கக்கூட இப்போது ஆள் இல்லையே என்ற ஏக்கத்தில் தன் புகழ்பெற்ற பாடல் ஒன்றை முடித்தார். வடக்கே இழந்த நிலத்தை மீட்கப் போரிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர். 1207இல் அரசவையிலிருந்து பதவி ஆணை வந்தபோது படுக்கையில் கிடந்தார். அந்த ஆண்டே காலமானார்.

கைதட்டும் கூட்டத்துக்கு வீரக் கிழவர்கள் போதாமல் போனால் உற்பத்தியும் செய்துகொள்ளும். சீனக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த மூன்றெழுத்து நூலில், எண்பத்திரண்டு வயதில் அரண்மனைத் தேர்வில் முதலிடம் பெற்றவராக லியாங் ஹாவ் வருகிறார். அந்த நூலுக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டிலேயே, ஹோங் மாய் என்ற அறிஞர் அரச வரலாற்றுப் பதிவைக் காட்டி இதை மறுத்துவிட்டார்: 1004இல் லியாங் ஹாவ் இறந்தபோதே வயது 42தான். 985இல் தேர்வில் வென்றவர் ஓர் இளைஞர். வயதாகாத வாளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் தளபதி ஹுவாங் ஜோங்கின் நரைத்த தாடியும் பெருமளவு பிற்கால நாவலாசிரியர் ஒருவரின் கைவண்ணம். பழைய வரலாற்றில் அவர் பிறந்த ஆண்டே இல்லை.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். லாயத்துக் குதிரை, போர்த்தலைவர் சாவ் சாவின் கவிதையிலிருந்து வந்தது. வடக்கே வூஹுவான்களை 207இல் முறியடித்துவிட்டுத் திரும்பும்போது, ஐம்பதைக் கடந்த வயதில் அவர் எழுதியது. தொடராகப் பிழைத்திருப்பது நடுவில் வரும் குதிரை மட்டும். கவிதை தொடங்குவது வேறு இடத்தில்: எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட ஆமைக்கும் முடிவு உண்டு, மூடுபனியில் ஏறிப் பறக்கும் பாம்பும் மண்ணாகும். அதை ஒப்புக்கொண்ட பிறகே குதிரை வருகிறது. அந்தக் குதிரை எழுந்து ஓடிக் காட்டுவதும் இல்லை, படுத்தே இருக்கிறது. மறு ஆண்டே செம்பாறைப் போரில் சாவ் சாவின் கப்பல்கள் எரிந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேட்கை வெற்றிக்கு உத்தரவாதம் என்று அந்தக் கவிதை எங்கும் சொல்லவில்லை.

இதைவிடத் தெளிவாக மலை பெயர்த்த கிழவர் யூ கோங். வயது தொண்ணூறை நெருங்குகிறது. வாசலை மறித்து நிற்கும் தாய்ஹாங், வாங்வூ மலைகளை வெட்டி அப்புறப்படுத்தப் புறப்படுகிறார். மண்ணைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டு ஒருமுறை திரும்பி வரவே பருவம் மாறிவிடுகிறது. உன் கடைசிக் காலத்துப் பலத்தில் மலையின் ஒரு மயிரைக்கூட அசைக்க முடியாதே என்று ஊர்ப் புத்திசாலி சிரிக்கிறார். இந்த இடத்தில் மா யுவானாக இருந்தால் தோளைக் காட்டியிருப்பார். யூ கோங் பலவீனத்தை மறுக்கவே இல்லை. நான் செத்துப்போவேன், மகன் இருப்பான், பேரன் இருப்பான். மலை இனி வளராது என்கிறார். தன் சாவையே கணக்கில் சேர்த்துப் போட்ட திட்டம் அது. 1945இல் மாவோ இந்தக் கதையைக் கட்சி மாநாட்டில் எடுத்துச் சொன்னது தனிக் கதை. நம் காலத்தில் இதற்கு இணையாக ஒருவரைச் சொல்லலாம். யுன்னான் மாகாணத்தின் புகையிலைச் சக்கரவர்த்தியாக இருந்து, ஊழல் வழக்கில் தண்டனை பெற்று, உடல்நிலை காரணமாகச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட சூ ஷிஜியென், 2002இல் எழுபத்துநான்கு வயதில் ஐலாவ் மலைச் சரிவில் ஆரஞ்சுக் கன்று நட்டார். நட்டுச் சில ஆண்டுகள் காத்தால்தான் கனி. அவர் பழம் சீனமெங்கும் பெயர் பெற்றது; 2019இல் காலமானார். பழைய குற்றத்தை ஆரஞ்சு கழுவிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதில் கன்று நடுகிறவர், தனக்கு வயதாகவில்லை என்று யாரிடமும் நிரூபிக்கப் போவதில்லை. தன் காலம் பற்றாமலும் போகலாம் என்று தெரிந்தேதான் குழி வெட்டுகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. உடலில் வலுவில்லாத வேட்கை வெறும் புலம்பல்தானே, படைத் தலைவனுக்குக் குதிரையேறத் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். வேலைக்கு உடல் தேவையென்றால் சோதிப்பது நியாயமே. விமானியின் கண்ணைச் சோதிக்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சோதனை அந்த வேலைக்குரியதாக இருக்கட்டும். சீனர்களிடமே இதற்கு விடை இருக்கிறது. கூஜூ நாட்டின் மேல் படையெடுத்துத் திரும்பிய சீ நாட்டுப் படை வழி தவறியபோது, அமைச்சர் குவான் ஜோங் கிழட்டுக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவற்றின் பின்னால் போகச் செய்தார், வழி கிடைத்தது. அன்று யாரும் அந்தக் குதிரைகளின் வேகத்தை அளக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, கிழவர்களின் வேட்கைக்கு ஊர் கொடுக்கும் விலை. முதுமையில் பேராசையிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னவர் கன்பூசியஸ். ஜின் வம்சத்துத் தளபதி வாங் துன், குடித்துவிட்டால் லாயத்துக் குதிரைக் கவிதையைப் பாடுவார். கையிலிருந்த கோலால் எச்சில் படிக்கத்தைத் தட்டித் தாளம் போடுவார். படிக்கத்தின் வாயெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிட்டதாம். 322இல் அவர் தன் அரசுக்கு எதிராகவே படை திரட்டினார். நாற்காலியை விடாத பெரியவர்களை ஒதுக்கி வைக்கச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி 1982இல் ஆலோசனைக் குழு ஒன்றையே அமைக்க வேண்டியிருந்தது. அதில் உட்கார்ந்தபடியும் அவர்கள் அதிகாரம் செய்தார்கள். 1992இல் குழு கலைக்கப்பட்டது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் யூ கோங்கின் கதை எனக்கு உரைகல். தொடங்கும் வேலையைப் பேரன் கையில் கொடுக்க முடியுமா, பேரன் அதை வேறு விதமாகச் செய்தால் பொறுத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் அது படிக்கத்தைத் தட்டும் வேட்கை.

மூன்றாவது மறுப்பு வயிற்றிலிருந்து வருகிறது. ஓய்வு என்பது போராடிப் பெற்ற உரிமை. வயதாக ஆக உரம் வேண்டும் என்று புகழ்ந்தே கிழவர்களிடம் வேலை வாங்கிவிடலாம். 2020 கணக்கெடுப்பின்படி சீனாவில் அறுபது வயதை எட்டியவர்கள் 26.4 கோடிப் பேர், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். 2025 ஜனவரி முதல் ஓய்வு வயது படிப்படியாக உயர்கிறது: ஆண்களுக்கு 60இலிருந்து 63, அலுவலகப் பணியிலுள்ள பெண்களுக்கு 55இலிருந்து 58, தொழிலாளிப் பெண்களுக்கு 50இலிருந்து 55. கஜானாவின் கணக்கு அதற்குரிய காரணங்களோடு நடக்கட்டும். அதற்கு மா யுவானைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. சாவ் சாவின் குதிரையை யாரும் சாட்டையால் எழுப்பவில்லை. வேட்கை என்பது அவரவருடையது. ஆணையிட்டு வரவழைத்தால் அதன் பெயர் வேலைச்சுமை. இந்தத் தொடர்களில் பெண்கள் அனேகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாங் குடும்பத்து விதவைகளின் கதையில் மட்டும் நூறு வயதுப் பாட்டி ஷே படைத் தலைமை ஏற்கிறாள், பெக்கிங் மேடையில் பெயர்பெற்ற காட்சி அது. அதுவும் வீட்டு ஆண்கள் எல்லாரும் செத்து முடிந்த பிறகு.

ஆகவே ஒரு வேண்டுகோள். எழுபதைக் கடந்த ஒருவர் புதிதாக ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொன்னால், இந்த வயசிலும் எவ்வளவு தெம்பு பாருங்கள் என்று மெச்சாதீர்கள். இந்த வயசில் உங்களுக்கு எதற்கு என்றும் கேட்காதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள், அதில் நான் எதைத் தூக்க வேண்டும் என்று கேளுங்கள். யூ கோங்குக்கு மண் சுமந்தவர்களில், பால்பற்கள் அப்போதுதான் விழத் தொடங்கிய பக்கத்து வீட்டு விதவையின் பையனும் இருந்தான்.