பக்கத்தில் தெரிவது

போன மே மாதம் அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் என் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்திருந்தேன். தென்னைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே தெற்கு வானம் கொஞ்சம் கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கம் என்பதால் ஆல்ஃபா சென்டாரி அடிவானத்திலிருந்து இருபது டிகிரி வரை ஏறும். தூக்கம் வராமல் வெளியே வந்த அக்காவைப் பார்க்கச் சொன்னேன். வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளியாகத் தெரியும் அது, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும். வெளிர் மஞ்சளில் ஒன்று, கொஞ்சம் ஆரஞ்சு கலந்து மங்கலாக இன்னொன்று.

நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது ரெண்டும் நெசமாவே சேந்து இருக்கா, இல்ல இங்கேருந்து பாக்க பக்கத்துல இருக்குற மாதிரி தெரியுதா?"

ஒன்பது வருடத் திருமண வாழ்க்கையை விட்டு அக்கா வந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. ஜனவரியில் இரண்டு பைகளோடு அவள் வந்து இறங்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "நல்லாத்தானக்கா இருந்தீங்க?" அவள் பதில் சொல்லவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு வானியலில் நீண்ட வரலாறு உண்டு. இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டித் தெரிய இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்றையொன்று ஈர்ப்பால் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அல்லது ஒன்று அருகிலும் மற்றொன்று பல மடங்கு தொலைவிலும் இருந்து, நம் பார்வைக்கோட்டில் தற்செயலாக ஒன்றுசேர்ந்திருக்கலாம். இத்தனை ஜோடிகள் தற்செயலாக அமைய வாய்ப்பில்லை என்று ஜான் மிட்செல் 1767இல் கணக்குப் போட்டுச் சொன்னார். வில்லியம் ஹெர்ஷல் ஜோடிகளைத் தேடிப் பட்டியலிட்டது வேறு நோக்கத்தில். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரம் தொலைவிலுள்ளதை ஒப்பிட லேசாக இடம் மாறித் தெரியும். அதை வைத்துத் தூரத்தை அளக்க நினைத்தார். அதாவது, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஜோடிகள்தான் வேண்டியிருந்தன. 1782இல் 269 ஜோடிகளின் பட்டியலை வெளியிட்டார். பிறகு திரும்பத் திரும்ப அவற்றின் இடைவெளியையும் கோணத்தையும் அளந்தார். 1803இல், இருபத்தைந்து ஆண்டு மாற்றங்களை வைத்து, சில ஜோடிகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று அறிவித்தார். நம் புனர்பூசத்தில் உள்ள காஸ்டர் அவற்றில் ஒன்று.

ஒரு இரவு பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அன்றைய தேதி, இடைவெளி, கோணம் இவற்றைக் குறித்து வைக்கலாம். அவ்வளவுதான். என் அக்கா குடும்பத்தை நான் எத்தனை இரவு பார்த்திருக்கிறேன்? தீபாவளிக்கு ஒருமுறை, கல்யாண வீடுகளில் சிலமுறை, வாட்ஸப்பில் போட்டோக்கள். எல்லாவற்றிலும் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். அதை வைத்துத்தான் "நல்லாத்தான இருந்தீங்க" என்றேன்.

அதற்காக நிறைய நாள் பார்த்தவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் வேலைபார்த்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியுக்கி என்ற ஜோடியை ஆராய்ந்தார். கணக்கிட்ட பாதைக்கும் அளந்த இடங்களுக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுப்பதால் இருக்கலாம் என்று 1855இல் எழுதினார். பின்னால் வந்த அளவீடுகளில் அந்தக் கோள் நிற்கவில்லை. அக்கா வந்த பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். பழைய பேச்சுகளில் சின்ன விலகல்களைத் தேடி எடுத்து, நடுவில் யாரோ ஒரு மூன்றாம் ஆள் இருந்தாக வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். ஜேக்கப்பாவது 'இருக்கலாம்' என்றார்.

அப்படியானால் அவசரப்படாமல் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் பாடமா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அதில் ஒரு ஆபத்து தெரிகிறது. "கொஞ்சம் பொறுத்துப் பாரு" என்பது நம் வீடுகளில் யாரிடம் சொல்லப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொறுமை தொலைநோக்கிக்குப் பின்னால் நிற்பவனிடம் இருக்க வேண்டியது. தீர்ப்புச் சொல்லாமல் நான் இருபத்தைந்து வருடம் காத்திருக்கலாம். உள்ளே இருப்பவளிடம் அந்தக் காத்திருப்பைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது இன்னும் முடிவாகவில்லையோ, அது அவளுக்கு என்றைக்கோ முடிவாகியிருக்கலாம்.

அன்று இரவு அக்காவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். 1689இல் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்ற ஏசுசபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இது ஒன்றல்ல, இரண்டு என்று கவனித்தார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவை நான்குமுறை சுற்றி முடித்துவிட்டன. "நெசமாவே சேந்துதான்க்கா இருக்கு. ஒரு சுத்துக்கு எண்பது வருஷம் ஆகும். ஒண்ண விட்டு ஒண்ணு போக முடியாது" என்றேன், நல்ல செய்தி சொல்கிறவன் போல.

அக்கா கண்ணை எடுக்காமல், "பாவம்" என்றாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. சேர்ந்திருக்கிறது என்றாலே அது நல்ல பதில் என்று நானாக எடுத்துக்கொண்டிருந்தேன். மிட்செலும் ஹெர்ஷலும் கேட்டது பிணைப்பு இருக்கிறதா என்று மட்டும்தான். பிணைப்பு நல்லதா என்று எந்த நட்சத்திரத்தையும் யாரும் கேட்டதில்லை; கேட்கவும் தேவையில்லை. மனிதர்களிடம் அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். பதிலும் உள்ளே இருந்தவரிடம்தான் இருக்கிறது.

"ஜனவரியில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"எப்படிக் கேட்ட?" என்றாள். மறந்துவிட்டாளா, மறந்ததாகக் காட்டினாளா, தெரியவில்லை. அதற்குள் நட்சத்திரம் வட்டத்தின் விளிம்புக்கு நகர்ந்திருந்தது. பூமி சுற்றுகிறதல்லவா, நாம்தான் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயைத் தள்ளி மறுபடி நடுவில் கொண்டுவந்தேன். அக்கா இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.