ஆள் இல்லாத மன்றம்

அல்சூரை ஒட்டியிருக்கும் ஜோகுபாளையம், பெங்களூரு மாநகராட்சிக்கு 198 வார்டுகள் இருந்த காலத்தில் 89ஆவது வார்டு. அந்த வார்டின் கார்ப்பரேட்டர் எம். கௌதம் குமார் 2019 அக்டோபரில் மேயரானார். 2020 செப்டம்பர் 10ஆம் தேதி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. நிர்வாகம் அதிகாரிகளின் கைக்குப் போனது. அடுத்த ஐந்தாண்டும் தேர்தல் இல்லாமலே ஓடிவிட்டது. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஜோகுபாளையத்தை உள்ளடக்கிய சாந்திநகர் தொகுதி பெங்களூரு மத்திய மாநகராட்சியில் சேர்ந்தது. புதிய ஐந்தும் பிறந்ததே அதிகாரிகளின் பொறுப்பில்தான்.

ஒரு நகரத்தைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்லி, அந்த நகரத்து மக்களின் வாக்கைத் தள்ளிப்போடுவது நியாயமா?

பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் அரசு வேறு, அரசாங்கம் வேறு என்று படித்திருப்போம். அரசு நிலைத்து நிற்பது. அரசாங்கம் வந்து போவது. வருவதும் போவதும் எந்த முறைப்படி என்பதை வகுப்பது அரசமைப்புச் சட்டம். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை ‘அரசு’ என்றால் யார் யார் என்று சொல்லும் 12ஆவது பிரிவு, டெல்லியையும் மாநிலத் தலைநகரையும் மட்டும் குறிப்பிடவில்லை, உள்ளாட்சி அமைப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே ஜோகுபாளையத்தில் குப்பை எடுப்பதும் சாக்கடை தூர்வாருவதும் அரசின் செயல்களே. அவை நிற்கவில்லை. பௌரகார்மிகர்கள் எனப்படும் தூய்மைப் பணியாளர்கள் விடிகாலையில் துடைப்பத்தோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அரசு இருந்தது, வந்து போக வேண்டிய அரசாங்கத்தின் மூன்றாவது அடுக்கில் மட்டும் மக்கள் அனுப்பிய ஆள் இல்லை.

இது வெறும் பாடப்புத்தக வேறுபாடு இல்லை என்பது சொத்து வரிக் கணக்கைப் பார்த்தால் புரியும். வரியோடு 24 சதவீத மேல்வரி சேர்கிறது: சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3. 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணமும் அதோடு சேர்ந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 400 ரூபாய். பத்து ரூபாய் பெரிய பாரமில்லை. கட்டணத்தின் நோக்கமும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது, ‘எங்கள் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வண்டி வருகிறது, முதலில் அதைச் சொல்லுங்கள்’ என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு வார்டுக்கும் ஆள் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 19,900 கோடி ரூபாய் பட்ஜெட்டை ஓர் அதிகாரிதான் வாசித்தார். அது நல்ல பட்ஜெட்டாகவே இருந்திருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை அவருக்கு எதிராக வாக்களிக்க ஜோகுபாளையத்துக்காரருக்கு வழியில்லை என்பதுதான் குறை.

எதிர்த்தரப்பில் மூன்று வாதங்கள் உண்டு; மூன்றும் அலட்சியமாகத் தள்ளக்கூடியவை அல்ல. கார்ப்பரேட்டர்கள் காண்ட்ராக்டில் கை வைப்பவர்கள், அதிகாரியே மேல் என்பது ஒன்று. அப்போது கொரோனா காலம் என்பது இன்னொன்று. நகரம் வீங்கிவிட்டது, பழைய வார்டு எல்லைகளை வைத்துக்கொண்டு தேர்தல் நடத்தினால் ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கைவிட எடை குறைந்துபோகும் என்பது மூன்றாவது.

முதல் வாதத்துக்குச் சென்னையே பதில் சொல்லும். மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் ஊழல் வெடித்து, 1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். ஒரு தலைமுறையே கவுன்சிலருக்கு வாக்களிக்காமல் வளர்ந்து பெரியதானது. தவறு செய்தவர்களைத் தண்டிப்பது வேறு. அவர்களைத் தேர்ந்தெடுத்த ஊரையே 23 ஆண்டு தண்டிப்பது வேறு. ஊழல் செய்யும் கவுன்சிலரை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு அனுப்ப முடியும். அதிகாரியை அனுப்புவதும் வரவழைப்பதும் மேலே இருப்பவர்கள். அவர் பதில் சொல்வதும் அவர்களுக்குத்தான்.

கொரோனாவைக் காரணம் சொன்னதற்குக் கர்நாடகமே மறுப்பு. 2020 டிசம்பர் 22, 27 தேதிகளில் அதே மாநிலத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. கிராமத்தில் வரிசையில் நிற்க முடிந்தது, நகரத்தில் முடியாதா?

மூன்றாவது வாதம்தான் கனமானது. வாக்குகளுக்குள் சமத்துவம் வேண்டும் என்பதும் அறம்தான். ஆனால் அந்த அறத்தின் பேரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 198 வார்டுகள் 2022இல் 243 ஆயின. 2023இல் 225 ஆயின. ஐந்து மாநகராட்சிகள் வந்தபின் 369 ஆயின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சட்டத் திருத்தம், ஒரு வழக்கு, ஒரு அவகாசம். எல்லையைச் சரிசெய்யத் தேர்தலை நிறுத்துவது, நிறுத்திய காலத்தில் எல்லை மறுபடி மாறுவது என்று இது முடிவில்லாமல் நீண்டது. பழைய எல்லையில் வாக்களித்திருந்தால் வாக்கின் எடையில் கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கும். வாக்களிக்காததால் எல்லோருடைய வாக்கின் எடையும் பூஜ்யமானது. இதில் எது பெரிய அநீதி என்பதில் தயங்க எதுவுமில்லை.

அரசமைப்புச் சட்டம் இந்தச் சபலத்தை முன்பே எதிர்பார்த்திருந்தது. 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தத்தின் 243யு பிரிவு, ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கெடு கட்டாயமானது என்றே உறுதிசெய்தது. 2020 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 198 வார்டுகளின்படியே பெங்களூருக்குத் தேர்தல் நடத்தச் சொன்னது. சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தேர்தலைக் காக்க வேண்டிய இடத்திலேயே ஒத்திவைப்புக்கு நிழல் கிடைத்ததுதான் இந்தக் கதையில் ஆகப் பெரிய வேதனை.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. அந்த ஐந்தாண்டில் கர்நாடகத்தில் ஆட்சி கைமாறியது, பழக்கம் மாறவில்லை. தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரில் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளின் காலத்துக்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை வாக்குப்பெட்டி வரவில்லை. எந்தக் கட்சி சட்டமன்றத்தில் அமர்ந்தாலும், தனக்குக் கீழே இன்னொரு தேர்ந்தெடுக்கப்பட்ட நாற்காலி இருப்பது அதற்கு உறுத்துகிறது. அது காலியாக இருந்தால் வார்டு வேலைகளும் எம்.எல்.ஏ. கைக்கே வந்துவிடும். சாந்திநகர் தொகுதிக்குள் ஜோகுபாளையம் பல வார்டுகளில் ஒன்று. சட்டம் இயற்ற அனுப்பிய ஒருவர் அத்தனை வார்டுகளின் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கும் நியாயமில்லை, மக்களுக்கும் நியாயமில்லை.

முடியாத காரியமா இது? கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலை நடத்தி வருகிறது. 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு நடுவிலும் நடத்தியது. அங்கே வார்டு எல்லைகளை வரையறுக்கும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்பவர் மாநிலத் தேர்தல் ஆணையர். கர்நாடகமும் அந்தப் பொறுப்பைத் தேர்தல் ஆணையரின் தலைமைக்கு விட வேண்டும். காலக்கெடு வரும்போது புதிய எல்லை தயாராக இல்லையென்றால் பழைய எல்லையிலேயே தேர்தல் நடக்கும் என்று சட்டத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரி 2020இல் இருந்திருந்தால், ஜோகுபாளையத்துக்கு அந்த ஆண்டே ஒரு கார்ப்பரேட்டர் கிடைத்திருப்பார். பிடிக்கவில்லை என்றால் 2025இல் அவரை மாற்றியும் இருக்கலாம்.