மிதிவண்டிப் பயணமும் ஈகையும்

ஓசூர்ச் சாலை வழியே நெடுந்தொலைவு மிதிவண்டியில் வந்து பெங்களூரை நெருங்கும் குழுவினர்க்குப் பொம்மனஹள்ளி ஏறத்தாழப் பயணத்தின் இறுதிக் கட்டம். அதனைக் கடந்தால் சில்க் போர்டு சந்திப்பு, அப்பால் நகரம். 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' என்னும் பயணம் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆகலின் பன்னாட் குழுப்பயணம் இந்நகரத்தார்க்குப் புதியதன்று. அறப்பணிக்கு நிதி திரட்டவும் சிலர் இவ்வாறு புறப்படுகின்றனர். "ஏழைக்குக் கொடுப்பதாயின் பணத்தை நேரே அனுப்பலாமே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உடலை வருத்துவானேன்?" என்று வினவுவோர் உளர். இவ்வினா நியாயமானதே. இதனை எள்ளி ஒதுக்கலாகாது.

களைப்பு ஒன்றே அறமாகிவிடாது. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போய்வரும் தொழிலாளி, நான்கு மாதத்திற்குள் தொள்ளாயிரம் கிலோமீட்டரைக் கடந்துவிடுகிறான். அவனுக்கு மாலையிடுவார் யாருமிலர். ஆலையில் உழைத்த நாம் இதனை நன்கறிவோம். ஆறாண்டுக் காலம் உடலை வாட்டிய பின்னரே, அது வழியன்று எனக் கண்டு பகவான் புத்தர் அதனைக் கைவிட்டார். வருத்தம் பெரிதாக இருப்பதால் ஈகையும் பெரிதாகிவிடும் என்று எண்ணுவது மயக்கமேயாகும்.

அங்ஙனமாயின் இப்பயணத்தின் பயன் யாது? அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். எய்ட்ஸ் நோய் 1981ஆம் ஆண்டு முதன்முதலாக மருத்துவ உலகிற்குத் தெரியவந்தது. நோயுற்றோரைத் தொடவும் மக்கள் அஞ்சினர், உற்றாரும் விலக்கினர். விலக்கப்படுதல் இன்னதென்பதை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டு, அந்நோயாளர்க்கு உதவி திரட்டும் பொருட்டுக் கலிபோர்னியாவில் ஒரு மிதிவண்டிப் பயணம் தொடங்கிற்று. 2002 முதல் அது 'எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்' என்னும் பெயரால் நடந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள். ஏறத்தாழ 877 கிலோமீட்டர். ஆண்டுகள் பலவற்றில் திரண்ட தொகை முப்பது கோடி டாலருக்கு மேற்பட்டது. நோய்க்கிருமியை உடலிற் கொண்டோரும் 'பாசிட்டிவ் பெடலர்ஸ்' என்னும் குழுவாக மற்றவரோடு சேர்ந்து மிதித்தனர். கொடுப்பவன் மேலும் கொள்பவன் கீழுமாக நிற்கவில்லை. இருவரும் ஒரே சாலையில் ஒரே வெயிலில் சென்றனர். நேரே அனுப்பும் பணத்தால் இச்சமநிலை எளிதில் கிட்டுவதன்று. பயணத்தின் தனிப்பயன் இதுவே என்பது நமது கருத்து.

ஆயினும் வினவியோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. உணவு, கூடாரம், மருத்துவர், துணைவண்டி யாவும் செலவே. செலவு ஏறி, வருவோர் தொகை குறைந்தமையால், 2025 ஜூன் மாதத்தோடு அப்பயணம் நிறுத்தப்பட்டது. இதனைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. ஆற்றைக் கடக்க உதவிய தெப்பத்தைக் கரையேறிய பின்னும் தலையிற் சுமந்து திரிபவனைப் பற்றிப் பகவான் கூறிய உவமையை அன்பர்கள் அறிவர். ஈகைக்காக ஏற்பட்ட பயணம், ஈகையையே தின்று வாழத் தொடங்குமாயின், அதனை விட்டுவிடுதலே அறம்.

ஆகவே, பயண முடிவை நெருங்குவோர்க்கு நாம் கூற விரும்புவன இரண்டு. வலியவர் முந்திச்சென்று மாலை பெறுதல் வேண்டா. பின்தங்கியவர் வந்து சேருமளவும் காத்திருந்து ஒருங்கே நகர் புகுக. காத்திருக்க இயலாதவர், தம்மினும் மெலிந்தார்க்காகவே மிதித்தோம் என்று சொல்லுதல் எங்ஙனம்? மற்றொன்று: வந்த தொகை எவ்வளவு, வழியிற் செலவானது எவ்வளவு, உரியவர் கையிற் சேர்ந்தது எவ்வளவு என்னும் கணக்கை யாவரும் காண வெளியிடுக. கடந்த தொலைவைக் கூறுமுன் இக்கணக்கைக் கூறுவாராயின், "பணத்தை நேரே அனுப்பலாமே" என்று கேட்டவரும் அடுத்த முறை தம் பங்கை மனமுவந்து அளிப்பர்.