மாற்றிய விசிறி

பழைய டீசல் பஸ் ஒன்று. ஓய்வு பெற்ற பிறகும் அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் விசேஷ நாட்களில் ஆட்களை ஏற்றி ஓட்டுகிறார்கள். ஒரு நாள் என்ஜினைக் குளிர்விக்கும் விசிறியில், இறக்கை நடுக்குடத்தோடு சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு கீறல் தெரிகிறது. அந்த விசிறிக்குப் பதில் எதைப் போடுவது? பட்டறைக்கு உரிய கேள்விதான். ஆனால் அதற்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. பழைய பொருளுக்கு உண்மையாக இருப்பது என்கிறோமே, அப்போது யாருக்கு உண்மையாக இருக்கிறோம்?

முதலில் விசிறியின் வேலை. எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் தண்ணீரில் வெப்பமாக வந்து சேர்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். நெரிசலில் நிற்கும்போதும் மேட்டில் முனகி ஏறும்போதும் விசிறி வேண்டும். என்ஜினோடு பிணைந்த விசிறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தேவையில்லாதபோது வேகமாகச் சுற்றும். வண்டி நின்று, தேவை மிகும்போது மெதுவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் விநாடிக்கு 30. ஓயாத அதிர்வில் இறக்கையின் அடிப்பகுதி வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. உலோகம் சோர்கிறது, கீறல் நீள்கிறது. முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் இறக்கை பறக்கும். அது ரேடியேட்டரைக் கிழிக்கலாம், பக்கத்தில் குனிந்து நிற்பவரின் முகத்தையும் கிழிக்கலாம்.

வழிகள் மூன்று. கீறலைப் பற்றவைத்து, தேய்த்து, வர்ணம் பூசிப் பழைய விசிறியையே மாட்டலாம். அதே அளவில், அதே வளைவில் புது விசிறி செய்து மாட்டலாம். அல்லது விசிறியையே எடுத்துவிட்டு, வெப்பம் ஏறும்போது மட்டும் ஓடுகிற மின்விசிறி வைக்கலாம். மூன்றாவதே அறிவுள்ள வழி என்று பொறியியல் சொல்லும். விசிறி தின்னும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. தேவையில்லாமல் சுற்றும் விசிறி வெறும் விரயம். முதலாவதே விசுவாசமான வழி என்று பழமைப் பற்று சொல்லும். அசல் அசலாகவே இருக்க வேண்டுமல்லவா?

இந்த ‘அசல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சோதிக்க வேண்டும். தீஸியஸின் கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா என்று ஏதென்ஸில் தர்க்கித்ததாக ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். ஹாப்ஸ் 1655இல் இதை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பத்திரப்படுத்தி அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், எது தீஸியஸின் கப்பல்? தத்துவ வகுப்புகளில் இது ஒரு புதிர். லண்டனுக்கு வடக்கே ஆல்டன்ஹாம் பட்டறையில் இது தினசரி வேலை.

1939இலிருந்து 1979 வரை லண்டனில் ஓடிய ஆர்.டி. வகை இரட்டைமாடி பஸ்கள், அதன் கிளை வகைகளும் சேர்த்து, ஏறக்குறைய 7,000. அவற்றை முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்கும் இடமாக 1950களில் எழுந்தது ஆல்டன்ஹாம்; 1986இல் மூடப்பட்டது. உள்ளே வரும் பஸ்ஸின் கூண்டைத் தூக்கி ஒரு வரிசையில் விடுவார்கள்; அடிச்சட்டம் வேறொரு வரிசையில் போகும். அடிச்சட்டத்தின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அது தன் பழைய கூண்டுக்காகக் காத்திருக்காது. தயாராக இருக்கும் வேறொரு கூண்டைச் சுமந்துகொண்டு வெளியே போகும். இதைவிட விசித்திரம் எண் விஷயம். ஒரு பஸ் உள்ளே நுழைந்ததும் அதன் எண்ணும் லைசென்ஸும் ஏற்கனவே பழுதுபார்த்து முடித்திருந்த இன்னொரு வண்டிக்குப் போய்விடும். கட்டிய வரி வீணாகக் கூடாது என்பதுதான் காரணம். ஆக, காலையில் ஓர் எண் வாசலுக்குள் போனது; அதே எண் வேறு உடம்போடு வெளியே வந்தது. பயணிகளுக்கு அது அதே பஸ். கணக்குப் புத்தகத்துக்கும் அதே பஸ்.

இன்று அந்த எண்களில் ஒன்றைத் தாங்கி நிற்கும் பஸ்ஸைக் காப்பாற்றுகிறவர், அதன் அசல் விசிறியைக் காப்பாற்றுவதாகச் சொன்னால் என்ன அர்த்தம்? அந்த விசிறி எந்த உடம்பில் பிறந்தது? உழைத்த காலத்தில் அந்த பஸ்ஸுக்கு அசல் என்ற கவலையே இருந்ததில்லை. அந்தக் கவலை அது உழைப்பதை நிறுத்திய பிறகு, நம்மால் அதன்மேல் ஏற்றப்பட்டது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. ஆல்டன்ஹாமில் பொருளும் எண்ணும் மாறின. மாறாமல் நின்றது ஒரு கடமை. நாளைக் காலை இதில் ஏறுகிறவர் சேதமில்லாமல் இறங்க வேண்டும் என்பது அது. மாற்றங்கள் அனைத்தும் அந்தக் கடமைக்காக நடந்தன. பஸ்ஸின் தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதன் இரும்பில் இருப்பதைவிட இந்தக் கடமையில்தான் கூடுதலாக இருக்கிறது என்பேன்.

இந்த இடத்திலிருந்து பார்க்கும்போது மூன்று வழிகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. பற்றவைத்து வர்ணம் பூசுவது விசுவாசமான செயல் என்று நினைத்தோம். அங்கேதான் துரோகம் இருக்கிறது. பற்றவைத்த இடத்தின் உட்பலத்தைக் கண்ணால் அறிய முடியாது. வர்ணம் அதை இன்னும் மறைக்கிறது. கடந்த காலத்தின்மேல் ஒருவர் வைத்த ஆசைக்கு, அதைப்பற்றி எதுவுமே அறியாத இன்னொருவர் உடம்பால் விலை கொடுக்க நேரலாம். சம்மதம் கேட்கப்படாத ஒருவரைப் பணயம் வைப்பதற்கு அழகுணர்ச்சி ஒரு சமாதானம் ஆகாது.

மின்விசிறி இந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. பாதுகாப்பானது, ஒளிவுமறைவு இல்லாதது. அதைப் பொருத்துகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் ஒன்று போய்விடுகிறது. என்ஜின் ஏற ஏறக் கூடவே எழும் விசிறியின் இரைச்சல், அந்த யந்திரத்தின் அறியாமையின் குரல். தேவை எது, தேவையில்லாதது எது என்று பிரிக்கத் தெரியாத ஒரு காலம் அந்த இரைச்சலில் கேட்கிறது. அதை நீக்கிவிட்டால் அந்தக் காலத்தை நம் அறிவுக்கு ஏற்றபடி திருத்திவிடுகிறோம். ஓடுவதற்கு மட்டும் ஒரு பஸ் வேண்டுமென்றால் புதிய பஸ்கள் இருக்கின்றன. பழையதை ஓட்டுவது, அதன் தவறுகளையும் தெரிந்துகொள்ளத்தானே.

மிஞ்சுவது இரண்டாவது வழி: அதே வடிவில் புது விசிறி. இதில் உள்ள ஆபத்து, புதிது தன்னைப் பழையது என்று சொல்லிக்கொள்வது. சின்னங்களைப் புதுப்பிப்பது பற்றிய 1964ஆம் வருஷத்து வெனிஸ் சாசனம், மாற்றி வைத்த பகுதி முழுமையோடு இசைய வேண்டும், அதேசமயம் அசலிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. யார் பிரித்தறிய வேண்டும் என்பதே என் கேள்வி. கட்டிடத்துக்குப் பார்வையாளர் உண்டு. விசிறியைப் பார்க்கிறவர் யார்? பஸ்ஸில் ஏறுகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கப்போகிறவர் ஒருவர்தான்: பல வருஷம் கழித்து அதைக் கழற்றப்போகிற அடுத்த மெக்கானிக். இது இன்ன வருஷம், இன்ன உலோகத்தில், இன்னாரால் செய்யப்பட்டது என்று நடுக்குடத்தில் வெட்டி வைத்தால், அந்த உண்மை அவரிடம் போய்ச் சேரும். இன்னும் எத்தனை காலம் இதை நம்பலாம் என்று அவர் கணக்கிட முடியும்.

இலக்கியத்தில் நமக்கு இந்த நெருக்கடி குறைவு. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண் நிற்கிறது, உடம்பு இல்லை. ஆல்டன்ஹாமின் நேர்மாறு. பதிப்பாசிரியர் அந்த இடத்தைக் காலியாக விட முடிந்தது. பாட்டுகள் இல்லாமலும் நூல் படிக்கப்படுகிறது. காலியிடத்தைக் காலியாகக் காட்டுவது அங்கே நேர்மை. விசிறி இல்லாத என்ஜினோ நெரிசலில் கொதித்து நின்றுவிடும். யந்திரம் காலியிடத்தைப் பொறுக்காது. யாராவது நிரப்பியே ஆக வேண்டும். நிரப்பாமல் இருக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில், நிரப்பியவர் தன் பெயரை வைப்பதுதான் மிஞ்சியிருக்கிற நேர்மை.

பெயர் வெட்டுவதால் மோசமான வேலை நல்ல வேலையாகிவிடாது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் இறக்கை பறந்தால் யாரைக் கேட்பது என்பது அதனால் தெரிகிறது. அது தெரியும் என்று அறிந்த கை, எடையைச் சமன் பார்க்காமல் விசிறியை மாட்டத் தயங்கும்.

கீறல் விழுந்த விசிறியை என்ன செய்வது? பட்டறைச் சுவரில் மாட்டி வைக்கலாம், கீறல் வெளியே தெரியும்படி. அதன்மேல் வர்ணம் பூச வேண்டியதில்லை.