திமிங்கிலத்தின் முன்னே ஒரு கேள்வி



பூமியில் பயணம் செய்து, அல்லாஹுத்தஆலா படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படித் திருமறை (29:20) நம்மை ஏவுகிறது. ஆனால் பார்ப்பதற்கும் ஓர் அதபு உண்டு. அதனை நாம் இலண்டன் மாநகரில் இரு பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

அங்கே 1881ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை இருக்கிறது. அந்நகரில் வாழும் அன்பர் ஒருவர் தம் மக்களோடு நம்மையும் அழைத்துச் சென்றார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்ததும் "ஸுப்ஹானல்லாஹ்" என்றோம். நீலத் திமிங்கிலம் ஒன்றின் முழு எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது! நீளம் 25 மீட்டருக்கும் அதிகம். எலும்புகளின் எடை மட்டும் நான்கரை டன். 1891ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. 2017 முதல் அம்மண்டபத்தின் நடுவே தொங்குகிறது.

அன்பரின் இளைய மகன் நம் கையைப் பற்றிக்கொண்டு, "ஹஜ்ரத், யூனுஸ் நபியை விழுங்கிய மீன் இதுதானா?" என்று கேட்டான்.

"ஆம்" என்ற சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. ஊரில் மிம்பரில் நின்று நாம் அப்படித்தான் முழங்கியிருந்தோம். அதற்குள் அவனுடைய அக்காள், "இதற்குப் பல்லே கிடையாது. வாய் நிறையக் கடல்நீரை மொண்டு, சீப்புப் போன்ற தகடுகளால் வடிகட்டி, கூனி இறால் போன்ற சிற்றுயிர்களைத்தான் தின்னும். தொண்டை சிறியது, ஆளை விழுங்காது" என்றாள்.

நமக்கு வெட்கமாகிவிட்டது. திருமறை அதனை 'ஹூத்' என்கிறது. இன்ன இனம் என்று கூறவில்லை. அல்லாஹ் நாடினால் ஆகாதது எதுவுமில்லை. ஆயினும் அவன் சொல்லாததை அவன் சொன்னதாகச் சொல்ல நமக்கேது உரிமை? நாம் "ஆம்" என்று சொல்லி, நாளை அச்சிறுவன் உண்மையைப் படித்தால், பொய்யானது நம் பேச்சு என்று எண்ணுவானா? திருமறையையல்லவா சந்தேகிப்பான்! ஈமானைக் காக்கிறோம் என்று எண்ணி, நாமே அதில் ஓட்டை போட்டவர்களாவோம்.

இமாம் மாலிக் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள், தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றுக்கு "லா அத்ரீ", அதாவது "அறியேன்" என்றே விடை பகர்ந்தார்கள். அதனால் அவர்களது மதிப்புக் குறைந்ததா?

சிறுவனிடம் சொன்னோம்: "எந்த மீன் என்பதை அல்லாஹ்வே அறிவான், தம்பி. அதன் வயிற்று இருளிலே யூனுஸ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தஸ்பீஹ் செய்தார்கள். அல்லாஹ் அவர்களைக் கரை சேர்த்தான். இது நமக்கு உறுதியாகத் தெரியும்." அவன் திருப்தியோடு மீண்டும் அண்ணாந்து பார்த்தான்.

ஊர் திரும்பியதும் அதே மிம்பரில் நம் தவறைச் சொல்லித் திருத்திக்கொண்டோம்.

பெற்றோர்களே! அல்லாஹ்வின் படைப்புகளைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்டால் அதட்டாதீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள், அறியாததற்கு "அல்லாஹு அஃலம்" என்று சொல்ல நாணாதீர்கள்.

நம் அனைவருக்கும் வல்ல நாயன் பயனுள்ள இல்மைத் தந்தருள்வானாக! ஆமீன்.