பால் என்றதும்

ஒரு சொல்லைக் கேட்டவுடன், ஆராயாமலும் ஒழுங்குபடுத்தாமலும், மனத்தில் முதலில் எழும் மற்றொரு சொல்லைச் சொல்வது கட்டற்ற சொல்லிணைப்பு எனப்படும். 1879இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 75 சொற்களைப் பட்டியலிட்டுத் தம் மனத்தையே சோதித்தபோது, எழுந்த எண்ணங்களில் கணிசமானவை இளமைக் காலத்தைச் சேர்ந்தவை என்று கண்டார். 1910இல் அமெரிக்காவில் கென்ட், ரோசனாஃப் ஆகிய இருவர் 100 சொற்களை 1000 பேரிடம் சொல்லிக் கேட்டபோது, பெரும்பாலான விடைகள் பலருக்கும் பொதுவானவையாக இருந்தன. ஆகவே, தனக்கே உரியதென ஒருவர் கருதும் முதற்சொல், அவர் வளர்ந்த இடமும் கூடி வாழ்ந்த மக்களும் அவருக்குள் இட்டுவைத்த சேமிப்பேயாகும்.

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழரிடையே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் உழைத்த தலைமுறைக்குப் ‘பால்’ என்றதும் பசுவன்று, மரமே நினைவுக்கு வரும். அதனைத் தொடர்ந்து, விடியலுக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வடியும் பாலை ஏந்தும் மங்கு, வெட்டில் காய்ந்து எஞ்சிய ஒட்டுப்பால், மழையால் போன கூலி எனச் சொற்கள் வரிசையாக எழும். ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம்விட்டபின் ஈப்போவில் வளரும் பேரப்பிள்ளைக்கோ, அதே சொல் காலைப் பசியாறலையே நினைவூட்டுகிறது.

குழுக்கற்றலில் கட்டற்ற சொல்லிணைப்பு முறையைக் கையாளும்போது, ஒருவர் சொல் மற்றவரை இழுத்துவிடாதிருக்க, ஒவ்வொருவரும் முதலில் தாளில் எழுதி, பிறகே வாய்விட்டுச் சொல்வது நன்று; எழுந்த சொற்களைத் திருத்தாமல் பலகையில் ஏற்றி, அதன் பின்னரே வகைப்படுத்தி, ‘ஏன் இச்சொல்?’ என்று வினவ வேண்டும். விடை தாமதமாகும் இடத்தில் உணர்ச்சி மறைந்திருக்கலாம் என்று மனநல மருத்துவர் கார்ல் யுங் கண்டது மருத்துவத்துக்குப் பயன்பட்டது. வகுப்பறையிலோ, தயங்குபவரைத் துருவாமல் மௌனமாயிருக்க விடுவதே முறை.

பேராக்கிலுள்ள 134 தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பெயர் முதியவர் மனத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தையும், மாணவர் மனத்தில் பள்ளிப் பேருந்தையும் எழுப்பக்கூடும். ஒரே மொழியைப் பேசும் இரு தலைமுறையினர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமைக்குச் சொல் தெரியாமை மட்டுமே காரணமன்று. தெரிந்த சொல்லுக்குப் பின்னே வேறு வேறு வாழ்க்கைகள் நிற்பதும் காரணமாகும். இவ்விரு தலைமுறையினரையும் ஒரே வட்டத்தில் அமர்த்தி ஒரு சொல்லை நடுவில் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. ஆனால், பால்மரம் வெட்டிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.