மழை தலை எண்ணுவதில்லை

பள்ளிக் கட்டடங்களைப் பற்றி நாம் பேசத் தொடங்குவதற்கு ஒரு தேதி தேவைப்படுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், தனியார் நிர்வாகத்தில் நடந்துவந்த பள்ளியொன்றில், சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அவசரமாக இறக்கப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில், அரசு உதவிபெறும் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாவட்டம்தோறும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை தொடங்கியது. 2022 மார்ச் பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 புதிய வகுப்பறைகள்.

அந்தத் திட்டத்துக்கு விபத்து மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 2004 ஜூலை 15 அன்றும் அந்தக் கூரை அதே கூரைதான். டிசம்பர் 16 அன்றும் அந்தச் சுவர் அதே சுவர்தான். முந்தைய நாள் அவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்டிருந்தால் கோப்பு எத்தனை மேசைகளில் உட்கார்ந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரே சுவர், ஒரே பிள்ளைகள். ஒருநாள் இடைவெளியில் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எப்படி இவ்வளவு பெரிதாகிவிடுகிறது?

அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968இல் எழுதிய கட்டுரையொன்றில் இதைத் தொட்டிருக்கிறார். நோயுற்ற ஒரு சிறுமியின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று செய்தி வந்தால் தபாலில் காசு கொட்டும். வரி வசூல் குறைந்து மருத்துவமனைகள் சீர்கெட்டு, யாரென்றே தெரியாத சிலர் கூடுதலாகச் சாவார்கள் என்று செய்தி வந்தால் யாரும் பர்ஸை எடுக்கமாட்டார்கள் என்கிறார். முகம் தெரிந்த உயிருக்கும் புள்ளிவிவர உயிருக்கும் உள்ள வித்தியாசம் இது. பள்ளிக் கட்டடத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சரியான நேரத்தில் மாற்றிய கூரையின் கீழ் யாரும் சாகவில்லை என்பது செய்தியே ஆகாது. அந்தப் பணத்தை ஒதுக்கிய அதிகாரிக்கு நன்றி சொல்ல ஆளே இருக்காது, ஏனென்றால் காப்பாற்றப்பட்ட பிள்ளைக்கே தான் காப்பாற்றப்பட்டது தெரியாது.

நம்மிடம் பணம் இல்லாததால்தான் இப்படி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பு எடை குறைந்த ஒருவகைக் காற்றுத்துளைக் கான்கிரீட்டைப் பள்ளிக் கூரைகளில் போட்டார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை அப்படியே சரிந்தது. அது வார இறுதி, உள்ளே பிள்ளைகள் இல்லை. ஆபத்து என்னவென்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னது 2023 ஆகஸ்ட் இறுதியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது. ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கல்வித் துறை கணக்குச் சொன்னது, நிதி கிடைத்தது 100 பள்ளிகளுக்கு, பிறகு அதையும் 50 ஆக்கினார்கள் என்று அத்துறையின் முன்னாள் செயலர் ஜொனாதன் ஸ்லேட்டர் அப்போது வெளிப்படையாகச் சொன்னார். கூரை விழுந்தது ஒரு வேலைநாளாக இருந்திருந்தால் இந்த எண்கள் வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

*

நம் ஊருக்கு வருகிறேன். இடிப்பதும் கட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்போம். நடைமுறையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இடிக்காமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். அதனால் இடிக்கும் கையெழுத்து வேகமாக விழுகிறது. கட்டாமல் விட்டால் யாரும் மாட்டமாட்டார்கள். மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் என்று அது தன் பாட்டுக்குப் போகும். இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் மரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்திருப்பார்கள். இடிப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில் இப்படிப்பட்ட படங்களை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

என் அக்கா மகள் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலும் இதுதான். ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 23 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், எல்லோரும் ஒரு தகரக் கொட்டகையில். அக்காவோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவரிடம் ஒரு தாய் கேட்டார்:

“இடிச்சது சரிதாங்க சார், தப்பு சொல்லல. விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? ஆனா எப்ப கட்டுவீங்கன்னு கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் மேல பாக்குறீங்க?”

அவர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் சொன்னார்: “உங்க ஸ்கூல்ல ஸ்ட்ரெங்த் கம்மிம்மா. நூத்தம்பது புள்ளைங்க இருக்குற ஸ்கூலுக்கே இன்னும் வரல. லிஸ்ட்ல இருக்கு, வரும்.”

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. 7,000 கோடி என்பது பெரிய தொகைதான், ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கட்டிவிட முடியாது. வரிசை என்று ஒன்று இருந்தே ஆகும். வரிசை இருந்தால் யார் முதலில் என்ற கேள்வி வரும். அதிகப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு முதலில் என்பது கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது.

ஜான் டாரெக் என்ற தத்துவவாதி 1977இல் இதே நியாயத்தின் அடியில் கை வைத்தார். ஒரு மருந்து இருக்கிறது. ஒருவர் பிழைக்க முழு மருந்தும் வேண்டும். வேறு ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். யாருக்குக் கொடுப்பது? ஐவருக்கு என்று நாம் யோசிக்காமல் சொல்வோம். டாரெக் நாணயத்தைச் சுண்டலாம் என்கிறார். அவர் வாதம் இதுதான்: ஐவரில் ஒவ்வொருவரும் இழக்கப்போவது அவரவர் உயிரை. ஐந்து உயிர்களையும் சேர்த்து இழக்கும் ‘ஒரு ஆள்’ எங்குமே இல்லை. துன்பத்தைக் கூட்டிப் பார்க்கலாம், அந்தக் கூட்டுத்தொகையை அனுபவிக்க ஆள் கிடையாது.

டாரெக்கோடு முழுசாக உடன்பட என்னால் முடியவில்லை. ஒரே மாதிரி ஆபத்தில் இரண்டு கட்டடங்கள் நின்று, ஒன்றுக்கு மட்டுமே பணம் இருந்தால், 200 பேர் இருக்கும் கட்டடத்தைத்தான் நானும் முதலில் சொல்வேன். நாணயம் சுண்டமாட்டேன். ஆனால் பள்ளி வரிசையில் தலை எண்ணுவதை நான் ஏற்காததற்கு வேறு காரணம் இருக்கிறது. டாரெக்கின் ஐந்து பேர் தற்செயலாக ஐந்து பேர். இந்த 23 தற்செயல் அல்ல.

அது ஒருகாலத்தில் தொண்ணூறாக இருந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். குறைந்ததற்குப் பல காரணங்கள்: பிறப்பு விகிதம், ஆங்கில வழி மோகம், வாசலுக்கே வரும் வேன். அவற்றோடு ஒழுகும் ஓடும் ஒன்று. வசதி இருந்தவர்கள் முதலில் பிள்ளையை எடுத்தார்கள். அவர்கள் போனதும் கேள்வி கேட்கும் குரல் குறைந்தது. பழுது பார்ப்பது நின்றது. இன்னும் சிலர் போனார்கள். இப்போது அந்த எண்ணைக் காட்டி, ஆள் குறைவு, அதனால் பின்னால் நில்லுங்கள் என்கிறோம். நம் முந்தைய புறக்கணிப்பு உண்டாக்கிய எண்ணை அடுத்த புறக்கணிப்புக்கு நியாயமாக எடுத்துக்கொள்கிறோம். எஞ்சியிருப்பவர்கள் போக இடமில்லாதவர்கள். வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுவது அவர்கள்தான்.

“சின்னப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே தலைக்கு அதிகம் போகிறதே” என்று ஒரு பதில் உண்டு. உண்மைதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியத்தையே எடுத்துக்கொள்வோம். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000. இருபது பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் தலைக்கு 500 ரூபாய், ஆயிரம் பேர் இருக்கும் பள்ளியில் 75 ரூபாய். ஆனால் மழை தலை எண்ணிப் பெய்வதில்லை. சாக்பீஸும் கரண்ட் பில்லும் சின்னப் பழுதும் எல்லாம் போக அந்தப் பத்தாயிரத்தில் எத்தனை உத்திரத்தை மாற்றுவது? கூரை என்பது பிள்ளைகளுக்கிடையே வகுத்துப் பார்க்கும் பொருளே அல்ல. 23 பேருக்கு முழுக்கூரை வேண்டும். பிள்ளைக்கு இத்தனை சதுர அடி என்று பிய்த்துக் கொடுக்க முடியாது.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, வெயில் மழை எதற்கும் தாங்கும் கட்டடம் வேண்டும், ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை வேண்டும் என்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது அந்த 23 பேருக்கு இரண்டு அறைகள் உரிமை. அந்த அட்டவணையை நிறைவேற்றப் பள்ளிகளுக்குத் தரப்பட்ட மூன்றாண்டுக் கெடு 2013 மார்ச்சோடு முடிந்தது. அந்தத் தாய் ஒன்றிய அலுவலரிடம் சலுகை கேட்கவில்லை. தவணை தப்பிய கடனைக் கேட்டார்.

*

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒன்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கும் புதுக் கட்டடமா? ஐந்து ஆண்டில் அது மூன்றாகி, கட்டடம் பூட்டிக் கிடந்தால்? பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்து, நல்ல ஆசிரியர்களும் நூலகமும் தந்தால் பிள்ளைகளுக்கே நல்லதில்லையா?

சில இடங்களில் அது நல்லதாகவே இருக்கலாம். எல்லாப் பள்ளியையும் அதே இடத்தில் காப்பாற்ற வேண்டும் என்பது என் வாதமல்ல. ஆனால் சேர்ப்பது என்றால் அதைச் சொல்லிச் செய்ய வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். அதைத் தாண்டினால் வண்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் நெடுஞ்சாலை இருக்கிறதா, சாதிச் சுவர் இருக்கிறதா, ஏழு வயதுப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவார்களா என்று பெற்றோரை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பிறகு ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இப்போது நடப்பது வேறு. மூடுவதாக யாரும் சொல்வதில்லை, கட்டுவதாகவும் சொல்வதில்லை. கூரையை முடிவெடுக்க விட்டுவிடுகிறோம். தகரக் கொட்டகையில் மூன்று கோடை கழிந்தால் பள்ளி தானாக மூடிக்கொள்ளும். யார் மூடினார்கள் என்று தேடினால் ஆள் இருக்காது.

நன்கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காமராஜர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, ஊர் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் வழியாக இன்றும் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் கொடுக்கிறார்கள். கொடுக்கிற கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நன்கொடை, வெளிநாட்டில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் உள்ள பள்ளியைத் தேடிப் போகும். எல்லோரும் விட்டுப்போன பள்ளிக்கு அது வழி தெரியாமல் நிற்கும். வண்ணமும் ஸ்மார்ட் போர்டும் அன்பளிப்பாக வரட்டும். கூரை வரிப்பணத்தில்தான் வர வேண்டும், ஏனென்றால் அதற்கு அந்தப் பிள்ளை யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதலில் ஆபத்து. அடுத்து, எத்தனை மாதமாக அறை இல்லாமல் காத்திருக்கிறார்கள் என்பது. தலைக்கணக்கு மூன்றாவதாக, மற்ற இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டும். கூடவே ஒரு சின்ன நிபந்தனை: பள்ளிக் கட்டடத்தை இடிக்கச் சொல்லும் உத்தரவிலேயே, அதே தாளில், புதியதற்கான நிதி எந்தத் தலைப்பிலிருந்து, எந்த மாதத்துக்குள், யார் பொறுப்பில் என்று எழுதியிருக்க வேண்டும். பள்ளியை வேறு ஊரோடு சேர்ப்பதாக இருந்தால் அதையும் அங்கேயே எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கூடுதலாக நான்கு வரி போதும். அந்த நான்கு வரியின் நகலைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் கேள்வி வரும்போது யாரும் மேலே பார்க்க வேண்டியிருக்காது.